சிலாபத்துக்குச் சைக்கிளில் கொண்டுபோனவை

போயா என்கிற பௌர்ணமி விடுமுறைக்கு முந்திய கிழமை முழுவதும் எங்கள் சாப்பாட்டு மேசையில் சாப்பிட இடம் இருக்கவில்லை. மேசை நிறைய நான் சைக்கிளில் கொண்டுபோக எடுத்துவைத்த சாமான்கள். கணவர் சோற்றுக் கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டார். சாப்பிடும்போது மேசையையே பார்த்துக்கொண்டிருப்பார். பிறகு எழும்பிப்போய் எதையாவது கொண்டுவந்து அந்தக் குவியலில் வைப்பார். ஒருநாள் ஒரு டோர்ச். இன்னொருநாள் நைலோன் கயிறு.

"கயிறு என்னத்துக்கு?" என்று கேட்டேன்.

"தெரியாது. இருக்கட்டும்" என்றார்.

வெள்ளவத்தையிலிருந்து சிலாபம் ஐம்பது கட்டைக்கு, மைலுக்கு, மேலே. எனக்கு வயது நாற்பத்தெட்டு. கொட்டாஞ்சேனையில் ஒரு பாமசியில் மருந்து எடுத்துக் கொடுக்கும் வேலை. பெற்றோல் இல்லாமல் பஸ்கள் பெரும்பாலும் நின்றுபோன காலத்தில், மேல்மாடியில் இருந்த குடும்பம் வெளிநாட்டுக்குப் போகும்போது விட்டுவிட்டுப்போன ஒரு பெண்கள் சைக்கிளைத் தூசி தட்டி எடுத்து வேலைக்குப் போகத் தொடங்கினேன். பள்ளிக்கூடக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் ஓடியதுதான். முப்பது வருடத்துக்குப் பிறகு ஏறியபோது கால்கள் மறந்திருக்கவில்லை. மனம்தான் ஒவ்வொரு சந்தியிலும் நடுங்கியது.

என்னோடு அதே பாமசியில் வேலை செய்யும் ஒருத்தி கொம்பனித்தெருவில் இருந்து வருவாள். முஸ்லிம் பெண், என்னைவிட ஆறு வயது இளையவள். அவளும் அதே மாதம்தான் அவளுடைய தம்பியின் சைக்கிளில் வரத் தொடங்கினாள். காலையில் காலிமுகத்திடலில் எனக்காகக் காத்து நிற்பாள். அங்கிருந்து இருவரும் ஒன்றாகப் போவோம். பிறகு பெற்றோல் வந்தது, பஸ்ஸும் வந்தது, நாங்கள் சைக்கிளை விடவில்லை. ஏன் விடவில்லை என்று ஆரும் கேட்டால் உடம்புக்கு நல்லது என்று சொல்வோம். உண்மையில் அந்த முக்கால் மணித்தியாலம்தான் ஒரு நாளில் எங்கள் இருவருக்கும் சொந்தமான நேரம்.

"அக்கா, இந்தப் போயாவுக்கு சிலாபம் போவமா? தாத்தா ஊட்டுக்கு" என்று ஒருநாள் கேட்டாள். தாத்தா என்று அவர்கள் சொல்வது மூத்த சகோதரியை. அவளுடைய தாத்தா சிலாபத்தில் கலியாணம் முடித்து இருக்கிறாள். "சைக்கிள்லயே போவம். அடுத்த நாள் கோச்சில ஏத்திக்கிட்டு வரலாம்." ரயிலைத்தான் சொன்னாள்.

சரி என்று எப்படிச் சொன்னேன் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. சொன்ன அன்றிலிருந்து நித்திரை போய்விட்டது.

என்னுடைய பயத்துக்கு ஒரு காரணம் சால்வை. வேலைக்குச் சைக்கிளில் போகத் தொடங்கிய முதல் மாதம், வழமைபோலச் சல்வார் போட்டுச் சால்வையைக் கழுத்தில் சுற்றிப் பின்னால் விட்டிருந்தேன். பம்பலப்பிட்டியில் கடல் காற்று அதைத் தூக்கிப் பின் சில்லுக்குள் கொடுத்துவிட்டது. ஆரோ பின்னால் நின்று கழுத்தைப் பிடித்து இழுத்ததுபோல இருந்தது. அடுத்த கணம் நான் ரோட்டில் மல்லாந்து கிடந்தேன். என் தலைக்கும் ஒரு பஸ்ஸின் முன்சில்லுக்கும் இடையில் ஒரு முழம்கூட இல்லை. பஸ்காரன் இறங்கிவந்து ஏசவில்லை. சால்வையைக் கத்தியால் வெட்டித்தான் எடுத்தார்கள். கழுத்தில் இருந்த சிவப்புக் கோட்டை மறைக்க இரண்டு கிழமை காலர் வைத்த சட்டை போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன். கணவருக்கு, வழுக்கி விழுந்தேன் என்று மட்டும் சொன்னேன்.

உடுக்கிற ஒரு துண்டுத் துணி ஆளைக் கொல்லும் என்று அன்று தெரிந்துகொண்டேன். அதற்குப் பிறகு எதை உடுத்தாலும் எங்கே போய் மாட்டும் என்றுதான் முதலில் பார்ப்பேன்.

கணவருடைய பயம் வேறு. நாங்கள் கலியாணம் முடித்து வெள்ளவத்தைக்கு வந்த புதிதில், ஒரு பின்னேரம் பாண் வாங்கக் கீழே இறங்கினார். அடையாள அட்டை மற்றச் சேட்டின் பொக்கெட்டில் இருந்தது. அது யுத்த காலம். ஒழுங்கை முடிவில் சோதனைச் சாவடியில் அவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். நான் அட்டையை எடுத்துக்கொண்டு பொலிஸுக்கு ஓடினேன். அவர் வீட்டுக்கு வந்தது அடுத்த நாள் மத்தியானம். அங்கே என்ன நடந்தது என்று அவர் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. ஆனால் அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஆரும் எதையும் எடுக்காமல் வாசலைத் தாண்ட முடியாது. குப்பை கொட்டப் போனாலும் அட்டை இருக்கவேண்டும். மழைக்காலமென்றில்லை, எப்போதும் குடை. எங்கள் இருவருக்கும் பிள்ளைகள் இல்லை. ஆளையாள் சோதித்து அனுப்புவதுதான் இத்தனை வருடமும் எங்கள் வேலை.

ஆகவே மேசை நிறைந்ததில் ஆச்சரியம் இல்லை. அடையாள அட்டையும் அதன் இரண்டு போட்டோக் கொப்பியும். டியூப் இரண்டு, பம்ப், சாவி செட். காயத்துக்குக் கட்டும் துணியும் பஞ்சும் பிளாஸ்டரும், கிருமிநாசினி, காய்ச்சல் குளிசை, வயிற்றோட்டக் குளிசை, தும்மல் குளிசை. பாமசியில் வேலை செய்கிறவளிடம் குளிசைக்கு என்ன பஞ்சம்? மாற்று உடுப்பு ஒரு செட், அது நனைந்தால் இன்னொரு செட். சாரம் ஒன்று, தேவைப்பட்டால் மறைத்துப் பிடித்து உடுப்பு மாற்ற. மழைக்கோட்டு. விசில். தண்ணீர் நான்கு போத்தல். பிஸ்கட், பேரீச்சம்பழம், அவித்த கடலை. கயிறும் டோர்ச்சும். எல்லாவற்றையும் ஒரு பள்ளிக்கூடப் பைக்குள் அடைத்து முதுகில் போட்டுப் பார்த்தபோது பின்னுக்குச் சாய்ந்தேன்.

உடுப்புப் பிரச்சினை இதைவிடப் பெரிது. நெடுந்தூரம் போகிறவர்களுக்கென்று இருக்கைப் பக்கத்தில் பஞ்சு வைத்துத் தைத்த இறுக்கக் களிசான் ஒன்று விற்கிறது. அது இல்லாமல் ஐம்பது கட்டை போனால் மூன்று நாளைக்கு இருக்கமுடியாது என்று சைக்கிள் கடைக்காரர் சொன்னார். வாங்கிவந்து, கதவைப் பூட்டிக்கொண்டு போட்டுக் கண்ணாடியில் பார்த்தேன். பின்பக்கம் துருத்திக்கொண்டு, அரைக் களிசான் தொடையைக் கவ்விக்கொண்டு. எங்கள் பிளாட்டில் முப்பத்திரண்டு குடும்பம். லிஃப்டில் ஆரும் இல்லாமல் ஒரு நாளும் இறங்கியதில்லை. அதற்குமேல் ஒரு பருத்திக் களிசான் போட்டேன். அப்போதும் வடிவம் தெரிந்ததுபோல இருந்தது. அதற்குமேல் முழங்கால் வரைக்கும் ஒரு நீளச் சட்டை. கை கறுக்கும் என்று முழுக்கை. கழுத்தில் சால்வை இல்லாதது குறையாகத் தெரிய, பொத்தான் எல்லாம் பூட்டி மேலே ஒரு தடித்த ஜக்கட்.

கணவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீர் சிலாபத்துக்குப் போறீரோ, நுவரெலியாவுக்குப் போறீரோ?"

"காலமை குளிரும்" என்றேன்.

சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "போகத்தான் வேணுமே?" என்று மெல்லக் கேட்டார்.

வேண்டாமென்று அவர் சொல்லியிருந்தால் சந்தோஷமாக வீட்டிலேயே நின்றிருப்பேன் என்பதுதான் உண்மை. அவர் சொல்லவில்லை.

போயா அன்று விடிய ஐந்து மணிக்கு இறங்கினேன். லிஃப்டுக்குள் ஆரும் இல்லை. எனக்கு அது ஒரு நல்ல சகுனமாகப் பட்டது. காலிமுகத்திடலில் அவள் நின்றாள். அவளும் உடலை மறைத்துத்தான் உடுத்திருந்தாள், ஆனால் யோசித்துத் தைத்த உடுப்பு. மெல்லிய துணியில் முழங்காலுக்குக் கீழே வரும் சட்டை, மிதிக்க வசதியாக இரண்டு பக்கமும் வெட்டு, கணுக்காலில் இலாஸ்டிக் போட்ட லூசான களிசான். தலைத்துணியின் நுனியெல்லாம் சட்டைக்குள் செருகி மேலே ஹெல்மட். எல்லாம் அவளே தைத்தது. முதுகில் ஒன்றும் இல்லை. சைக்கிளின் பின் கரியரில் ஒரு சின்னப் பை, சட்டத்தில் இரண்டு போத்தல்.

"அக்கா, ஊட்டக் காலி செஞ்சிட்டா வந்தீங்க?" என்று என் பையைத் தூக்கிப் பார்த்தாள். "கரியர்ல கட்டுங்களே."

"விழுந்துபோனால்?" என்றேன்.

அவள் வற்புறுத்தவில்லை. இதிலெல்லாம் என்னோடு வாதாடிப் பயனில்லை என்று அவளுக்குத் தெரியும்.

போயா விடுமுறை என்பதால் நகரம் தூங்கிக்கொண்டிருந்தது. கொச்சிக்கடைக் கோயிலடியில் மெழுகுதிரி விற்பவர்கள் மட்டும் மேசை விரித்துக்கொண்டிருந்தார்கள். கொட்டாஞ்சேனையில் எங்கள் பாமசியின் பூட்டிய கதவைத் தாண்டும்போது இருவரும் ஒருமித்து மணி அடித்தோம். அதுவரை எனக்குத் தெரிந்த ரோட்டு. அங்கிருந்து அப்பால் தெரியாத ரோட்டு. ஒருகொடவத்தையில் கொன்டெய்னர் லொறிகளுக்குப் போயாவும் இல்லை, ஞாயிறும் இல்லை. ஒவ்வொன்று தாண்டும்போதும் காற்று முதலில் உள்ளே இழுத்துப் பிறகு வெளியே தள்ளும். நான் பல்லைக் கடித்துக்கொண்டு ரோட்டோர வெள்ளைக் கோட்டை மட்டும் பார்த்து மிதித்தேன். களனிப் பாலத்தில் ஏறியபோது முதுகுப் பை ஒரு ஆளைப்போலப் பின்னால் இழுத்தது.

பாலம் தாண்டிப் பேலியகொடையில்தான் என் அடுத்த பயம் தொடங்கியது. அதைப்பற்றி நான் ஆருக்கும் சொல்லியிருக்கவில்லை.

வழியில் எங்கே சலம் கழிப்பது?

ஆம்பிளைகளுக்கு மதில் இருக்கிறது, பற்றை இருக்கிறது. நான் எங்கே போவேன்? தெரியாத கடையில் போய் என்னவென்று கேட்பேன்? சிங்களத்தில் கேட்கத் தெரியும். பிரச்சினை மொழி இல்லை. கேட்டவுடன் கடைக்கார ஆம்பிளை என்னைப் பார்க்கப்போகும் ஒரு பார்வை, உள்ளே கூட்டிக்கொண்டு போகும் இருட்டு நடை, கொண்டி இல்லாத கதவு. இதையெல்லாம் நான் ஐந்து நாளாக இரவிரவாகப் பார்த்துவிட்டேன். அதற்கு ஒரு வழியும் கண்டுபிடித்திருந்தேன். குடிக்காமல் இருப்பது.

நான்கு போத்தல் தண்ணீரை முதுகில் சுமந்துகொண்டு, ஒரு மிடறு குடிக்காமல் வத்தளை தாண்டினேன். ஜாஎல தாண்டினேன். அவள் மூன்று நான்கு இடத்தில் பெற்றோல் அடிக்கும் செட்டைக் கண்டதும் "டயருக்குக் காத்துப் பாத்துட்டு வாறன்" என்று உள்ளே போனாள். நான் வாசலில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "குடிச்சீங்களா அக்கா?" என்று கேட்பாள். "ஓம்" என்பேன். வாயை நனைத்துத் துப்பியதும் குடித்ததுதானே என்று எனக்குள் சமாதானம்.

நீர்கொழும்பில் மீன் அடைத்த மாலுபாண் ஒன்று தின்றோம். தொண்டையால் இறங்கவில்லை. நீர்கொழும்பு தாண்டி இன்னொரு கொச்சிக்கடை வந்தது. பெயர் ஒன்றுதான், ஊர் வேறு. பாலத்தில் இருந்து ஆற்றைப் பார்க்க வாய் ஊறவேண்டும். வாயில் ஊற ஒன்றும் இல்லை. மணி பத்தாகிவிட்டிருந்தது. வெயில் பின்கழுத்தில் கை வைத்து அமத்தியது. பஞ்சுக் களிசான் வியர்வை முழுவதையும் குடித்துப் பாரமாகித் தொடையில் அராவியது. ஜக்கட்டைக் கழற்றலாம், ஆனால் சட்டை நனைந்து ஒட்டியிருக்கும். இரண்டு பக்கமும் ஆட்கள். கழற்றவில்லை.

வென்னப்புவ தாண்டிக் கொஞ்ச நேரத்தில் எனக்குச் சுகமாக இருந்தது. வியர்வை நின்றுவிட்டது. அப்பாடா என்றுகூட நினைத்தேன். பிறகு கையில் புல்லரித்தது. அந்த வெயிலில் எனக்குக் குளிர்ந்தது. விரல் நுனியெல்லாம் எறும்பு ஊர்ந்ததுபோல. எதிரே ஒரு கடைப் பெயர்ப்பலகை. அதை வாசிக்கப் பார்த்தேன். எழுத்துத் தெரிந்தது, வாசிக்க முடியவில்லை. சிங்களம் என்பதால் அல்ல. கீழே தமிழும் இருந்தது. தமிழையும் வாசிக்க முடியவில்லை.

இத்தனை வருடமாகக் கவுண்டருக்குப் பின்னால் நின்று ஆட்களுக்குச் சொல்லிக்கொடுத்த அறிகுறிகள் இவை. வியர்வை நிற்கும், புல்லரிக்கும், தலை குழம்பும். வேறு ஆருடையதோ நோய்போல அவற்றை நான் மனதுக்குள் ஒப்புவித்துக்கொண்டிருந்தேன். பிரேக் பிடித்ததும் காலை ஊன்றியதும் ஞாபகம். சைக்கிள் விழுந்த சத்தம் கேட்டது. விழுந்தது நானும் என்று பிறகுதான் தெரிந்தது.

"அக்கா! யா அல்லா, அக்கா!"

விழுந்த இடம் ஒரு தம்பிலிக் கடை வாசல். கடை என்றால், வீட்டு முற்றத்தில் தகரம் இறக்கி, நாலு குலை செவ்விளநீரைத் தொங்கவிட்டு, பக்கத்தில் கருவாட்டுத் தட்டு. கடைக்காரப் பெண்ணுக்கு அறுபது வயதிருக்கும், கழுத்தில் சிலுவை, கையில் இளநீர் வெட்டும் கத்தி. கத்தியை எறிந்துவிட்டு ஓடிவந்தாள். "அனே நங்கி" என்றாள், ஐயோ தங்கச்சி என்று. என் சிநேகிதியும் அவளும் ஆளுக்கொரு கக்கத்தில் பிடித்து என்னை வீட்டுக்குப் பின்னால் கிணற்றடிக்குக் கொண்டுபோனார்கள். ஹெல்மட், பை, ஜக்கட், சப்பாத்து எல்லாம் போயின. வாளி வாளியாகத் தண்ணீர் தலையில் விழுந்தது. நான் சட்டைப் பொத்தானை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேனாம். அந்தப் பெண் என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள் என்று பிறகு சிநேகிதி சொன்னாள்.

களிசானை இழுத்தபோது உள்ளே பஞ்சுக் களிசான் வந்தது. அந்தப் பெண் அதை விரலால் அமத்திப் பார்த்துச் சிங்களத்தில் கேட்டாள்: "இது என்ன, சின்னப் பிள்ளைக்குக் கட்டுற மாதிரி?"

மயக்கத்திலும் எனக்கு அது கேட்டது. வெட்கத்தில் செத்துவிடலாம் போல இருந்தது. அதோடு நினைவு முழுதாகத் திரும்பிவிட்டது.

அந்தப் பெண்ணுடைய லூசான வீட்டுச் சட்டை ஒன்றைப் போட்டுவிட்டு, காற்றாடிக்குக் கீழே பாயில் கிடத்தினார்கள். என் சிநேகிதி தம்பிலித் தண்ணீரில் தேசிக்காய் பிழிந்து, உப்பும் கொஞ்சம் சீனியும் போட்டுக் கரண்டி கரண்டியாகப் பருக்கினாள். அவசரத்தில் பாதி கழுத்தில் வழிந்தது. ஒரு மணித்தியாலத்துக்குப் பிறகு எழும்பிப் போய்ச் சலம் கழித்தேன். பால் விடாத வெறும் தேத்தண்ணி நிறம். வந்து அதை அவளிடம் சொன்னேன். நாங்கள் இருவரும் மருந்துக்கடைக்காரர். உடம்பில் தண்ணீர் வற்றிவிட்டது என்பதுதான் அதற்கு அர்த்தம் என்று இருவருக்கும் தெரியும்.

அவள் என் பையைத் திறந்து போத்தல்களை வெளியே எடுத்து வரிசையாக நிறுத்தினாள். நான்கும் நிரம்பி இருந்தன.

"குடிச்சன் எண்டு தானே சென்னீங்க?"

நான் கூரையைப் பார்த்தேன்.

"ஏன் குடிக்கல்ல? செல்லுங்க. என்னத்துக்கு?" அவளை நான் அப்படிக் கோபத்தில் கண்டதில்லை.

சொன்னேன். சொல்லும்போது எனக்கே அது ஒரு பைத்தியக்காரக் கதைபோல இருந்தது.

"அக்கா, நான் ஒவ்வொரு பெற்றோல் செட்லயும் என்னத்துக்குப் போன? டயருக்குக் காத்துப் பாக்கவா?"

"ஏன் அப்ப எனக்குச் சொல்லேல்லை?"

"எப்படிச் செல்ற? வெக்கம்தான். நீங்க ஊட்ட இருந்தே எல்லாம் யோசிச்சு வந்தீப்பீங்க எண்டு நெனச்சன்."

சொல்லிவிட்டு முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். பிறகு சிரித்தாள். கடைக்காரப் பெண் வாசலில் நின்று என்ன விஷயம் என்று கேட்டாள். சிநேகிதி சிங்களத்தில் சொன்னாள். அந்தப் பெண் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, இந்தப் புத்தளம் ரோட்டில் எந்தெந்தக் கோயிலில், எந்தெந்தப் பேக்கரியில் பெண்களுக்கு நல்ல கக்கூஸ் இருக்கிறது என்று சிலாபம் வரைக்கும் ஒப்புவித்தாள். கருவாடு விற்க பஸ்ஸில் எல்லா ஊருக்கும் போய்வந்தவள். அவள் சொன்னதை நாங்கள் போனில் குறித்துக்கொண்டோம்.

அப்போதுதான் என் போன் அடித்தது. கணவர். பதினொரு தரம் எடுத்திருந்தார்.

"எங்க நிக்கிறீர்?"

பொய் சொல்ல வாயைத் திறந்தேன். காற்றாடி சுற்றும் சத்தம் அவருக்குக் கேட்டிருக்கும். "மாரவிலைக்குக் கிட்ட ஒரு வீட்டில படுத்திருக்கிறன். மயங்கி விழுந்தனான். இப்ப சுகம்" என்றேன்.

அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்டது.

"இஞ்சாருங்கோ, கேக்குதே?"

"கேக்குது." திரும்பவும் மூச்சு. "நான் வரட்டே?"

"வேண்டாம்."

"பஸ்ஸில வாரும். சைக்கிளை அங்கினேக்கை விட்டிட்டு வாரும்."

ஓம் என்று சொல்ல எல்லா நியாயமும் இருந்தது. பயமும் இருந்தது, காலையில் இருந்ததைவிடக் கூட. பயப்பட்ட விஷயம் நடந்துவிட்டால் பயம் தீரும் என்று ஆட்கள் சொல்வது பொய். ஆனாலும், "பின்னேரம் வெயில் தணிய மெல்ல மெல்லப் போவம். இன்னும் பன்னிரண்டு பதின்மூண்டு கட்டைதான். நான் குடிக்கிறன். உண்மையாக் குடிக்கிறன்" என்றேன்.

"ரெண்டு கட்டைக்கு ஒருக்கா போன் எடும்" என்றார். கண்ணை மூடிக்கொண்டு சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியும்.

பையை என்ன செய்வது என்பதை அந்தப் பெண்தான் தீர்த்தாள். சிலாபம் போகும் பஸ் ஒன்றைக் கை காட்டி நிறுத்தி, கொண்டக்டரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பையை அவன் கையில் கொடுத்து, சிலாபம் பஸ் ஸ்டாண்டில் சிநேகிதியின் தாத்தா வீட்டார் வந்து எடுப்பார்கள் என்று கட்டளையிட்டாள். அதற்குள்தானே எல்லாம். பஸ் வளைவில் மறையும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.

உள்ளே திரும்ப வரும்போது இன்னொன்றைக் கண்டேன். என்னுடைய பஞ்சுக் களிசானை அவள் அலசி, ரோட்டைப் பார்த்த கொடியில், கருவாட்டுத் தட்டுக்கு நேர் மேலே காயப்போட்டிருந்தாள். இரண்டு மணித்தியாலமாக அது புத்தளம் போகிற பஸ், வருகிற பஸ் எல்லாவற்றுக்கும் முன்னால் ஆடிக்கொண்டிருந்திருக்கிறது. ஒருவரும் செத்துப்போகவில்லை. நானும்தான்.

நாலு மணிக்குப் புறப்பட்டோம். அதற்குமுன் இரண்டு தரம் சலம் போய் நிறம் தெளிந்தால்தான் விடுவேன் என்று சிநேகிதி வைத்தியர் மாதிரிச் சட்டம் போட்டிருந்தாள். காய்ந்த பஞ்சுக் களிசானும், அதற்குமேல் அந்தப் பெண் கொடுத்த ஒரு மெல்லிய, சாயம்போன ஆம்பிளைச் சேட்டும் போட்டிருந்தேன். அவளுடைய புருஷன் கடலுக்குப் போகும்போது போட்டதாம். அவர் இப்போது இல்லை என்று மட்டும் சொன்னாள். "இது காத்துப் போகும் துணி" என்றாள். தொடை தெரிந்தது. ஒரு நூறு யார் தூரம் அதைப்பற்றி மட்டுமே நினைத்துக்கொண்டு மிதித்தேன். பிறகு சேட்டுக்குள் காற்றுப் புகுந்தது.

லேசாக இருந்தது என்று சொல்லமாட்டேன். சின்ன ஏற்றத்துக்கும் இறங்கி உருட்டினேன். ஒவ்வொரு பத்து நிமிடத்துக்கும் சிநேகிதி கையை உயர்த்துவாள், நிறுத்திக் குடிப்போம். மாதம்பையில் ஒரு பேக்கரியில் நான் உள்ளே போய், கல்லாவில் இருந்த இளைஞனிடம் நேராகக் கேட்டேன். அவன் தலையை நிமிர்த்தாமலே பின்பக்கம் கையைக் காட்டினான். கதவுக்குக் கொண்டி இருந்தது. உள்ளே நின்று அந்தக் கொண்டியைப் போட்டு எடுத்து, திரும்பப் போட்டுப் பார்த்தேன்.

இரண்டு கட்டைக்கு ஒருதரம் கணவருக்குப் போன் எடுத்தேன். "ம்" என்பார். வைத்துவிடுவார். கடைசி அழைப்பில், "சிலாபம் வந்திட்டம்" என்றபோது அந்த "ம்" வரவில்லை. வேறு ஏதோ சத்தம். மூக்கைச் சிந்தினார் போல.

தாத்தா வீட்டில் மீன் குழம்பும் சோறும் தந்தார்கள். என் பை எங்களுக்கு முன்னமே வந்து சுவரில் சாய்ந்திருந்தது. கை கழுவிவிட்டு இருந்த இடத்திலேயே எனக்கு உடம்பு உதறத் தொடங்கியது. காய்ச்சல் இல்லை. வெயிலும் இல்லை. பகல் முழுவதும் ஒதுக்கிவைத்த பயம் அப்போதுதான் வந்தது. பெயர்ப்பலகையை வாசிக்க முடியாமல் போன அந்தக் கணம் ஒரு லொறிக்கு முன்னால் வந்திருந்தால்? தாத்தா ஒரு கம்பளியைக் கொண்டுவந்து போர்த்தினாள். சிநேகிதி பக்கத்தில் இருந்து என் முழங்காலில் கையை வைத்துக்கொண்டு, உதறல் நிற்கும் வரைக்கும் இருந்தாள்.

அடுத்த நாள் கோச்சியில், சாமான் ஏற்றும் காட் பெட்டியில் சைக்கிள்களை ஏற்றிக்கொண்டு வந்தோம். கணவர் வெள்ளவத்தை ஸ்டேஷனில் நின்றார். என் முகத்தைப் பார்த்தார், கையைப் பார்த்தார், சைக்கிளை வாங்கி உருட்டிக்கொண்டு முன்னால் நடந்தார். இரண்டு நாளைக்குப் பிறகுதான், பம்பலப்பிட்டியில் சால்வை கழுத்தை இறுக்கிய கதையை அவருக்குச் சொன்னேன். அவர் ஏசவில்லை. அலுமாரியைத் திறந்து, இருக்கிற சால்வைகளையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துத் திரும்ப மடித்து வைத்தார்.

அந்தக் கிழமைக் கடைசியில் பாமசிக்கு ஒரு பெண் வந்தாள். ஐம்பத்தைந்து வயதிருக்கும். இரவு பஸ்ஸில் யாழ்ப்பாணம் போகிறாளாம், தலை சுற்றுகிறது, அதற்கு ஒரு குளிசை வேணும் என்றாள். உதடு வெடித்திருந்தது. வழமையாக என்றால் எடுத்துக் கொடுத்திருப்பேன்.

"தண்ணி குடிச்சனீங்களோ?" என்று கேட்டேன்.

"நேத்து மத்தியானத்தில இருந்து குடிக்கேல்லை, பிள்ளை. பஸ்ஸில போக வேணுமெல்லே."

இந்த வசனத்தை இதே கவுண்டரில் எத்தனை தரம் கேட்டிருப்பேன். ஒரு தரமும் காதில் விழுந்ததில்லை. பக்கத்தில் மருந்துத் துண்டோடு இரண்டு ஆம்பிளைகள் நின்றார்கள். நான் கவுண்டரின் பலகையைத் தூக்கிவிட்டு, "உள்ளுக்கு வாங்கோ அம்மா, ஒருக்காக் கதைக்க வேணும்" என்றேன். சிநேகிதி பின்னால் குவளையில் தண்ணீர் வார்க்கும் சத்தம் கேட்டது. அந்தப் பெண் ஆம்பிளைகளை ஒரு முறை திரும்பிப் பார்த்தாள். பிறகு சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, குனிந்து உள்ளே வந்தாள்.